பிரித்துக் கட்டுபவன் கையில் விக்டோரினாக்ஸ் 91

விக்டோரினாக்ஸ் என்ற சுவிஸ் கம்பெனியின் மடக்குக் கத்தி நன்றாக வெட்டுமா என்று சொல்ல இன்னொரு விமர்சனம் தேவையில்லை. வெட்டும். கத்தரிக்கோல் அருமை, சிவப்புப் பிடியில் சீக்கிரம் கீறல் விழும், பல்குத்தி என்றாவது ஒருநாள் தொலைந்துபோகும், இதெல்லாம் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. நான் பார்க்கப்போவது வேறு. ஸ்பார்ட்டன், டிங்கர், காம்பாக்ட், கிளைம்பர், ஹன்ட்ஸ்மேன், சுவிஸ்சேம்ப் என்று போகும் அவர்களுடைய 91 மில்லிமீட்டர் (மூடிய நிலையில் நீளம்) வரிசையை வாங்கி, ரிவிட்டைக் கழற்றி, வேண்டாததை எடுத்துவிட்டு, வேறொரு கத்தியிலிருந்து வேண்டியதைச் சேர்த்து, மறுபடி ரிவிட் அடித்து, நமக்குப் பிடித்த பிடி போட்டுக் கட்டுவதற்கு இது எவ்வளவு தோது என்பதுதான் இந்த விமர்சனம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கம்பெனி இதைப் பிரிக்கச் சொல்லவில்லை, பிரித்தால் வாரண்டி போய்விடும், உள்ளே இருக்கும் பாகங்களைத் தனியாக விற்பதும் இல்லை. அப்படியிருந்தும் பிரித்துக் கட்டுவதற்கு இதைவிட நல்ல மடக்குக் கத்தி எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு நிபந்தனை, ரிவிட் அடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அது வராது, பொறுமை இல்லை என்றால் பிடி மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளலாம், அல்லது ஸ்க்ரூ போட்ட லெதர்மேன் (பிளையர் உள்ள மடக்குக் கருவி) பக்கம் போகலாம். அதையும் கீழே சொல்கிறேன்.

ஏன் இந்த 91 என்றால், அதன் கட்டுமானம் அப்படி. ஒரு டிபன் கேரியரைப் போல அடுக்கடுக்காக இருக்கிறது. பெரிய பிளேடும் சின்ன பிளேடும் ஒரு அடுக்கு, டின் ஓப்பனரும் பாட்டில் ஓப்பனரும் ஒரு அடுக்கு. இந்த இரண்டும் மட்டும் இருந்தால் ஸ்பார்ட்டன். அதில் கத்தரிக்கோல் அடுக்கைச் சேர்த்தால் கிளைம்பர், அதன்மேல் ரம்ப அடுக்கையும் சேர்த்தால் ஹன்ட்ஸ்மேன். இப்படியே ஏற்றிக்கொண்டு போனால் எட்டு அடுக்கில் சுவிஸ்சேம்ப். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் மெல்லிய அலுமினியத் தகடு, ஒவ்வொரு அடுக்குக்கும் முதுகில் ஒரு ஸ்பிரிங். மொத்தத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது மூன்று பித்தளை ரிவிட் ஆணிகள்தான், இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, முதுகின் நடுவில் ஒன்று. பசை கிடையாது, ஸ்க்ரூ கிடையாது. கம்பெனி எந்த அடுக்கை எதோடு சேர்த்து விற்கிறதோ அதுதான் மாடல். அந்த முடிவை அவர்கள் எடுக்காமல் நாம் எடுத்தால் என்ன என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் மொத்த யோசனையும்.

இதற்கு அடித்தளம் பழையது. சுவிஸ் ராணுவம் சிப்பாய்களுக்கான மடக்குக் கத்தியை 1890-ல் முடிவு செய்தபோது முதல் லாட் வந்தது ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து, உள்ளூரில் அவ்வளவு செய்து தர ஆள் இல்லை. இபாக் என்ற ஊரில் 1884-லேயே பட்டறை (அதுதான் பிறகு விக்டோரினாக்ஸ்) தொடங்கியிருந்த கார்ல் எல்செனர் 1891-ல் அந்த ஆர்டருக்குள் வந்தார். அவர் 1897 ஜூன் 12 அன்று பதிவு செய்த அதிகாரிகளுக்கான கத்தியில்தான் விஷயம் இருக்கிறது. ஒரே ஸ்பிரிங்கின் இரண்டு முனைகளும் இரண்டு பக்கத்துச் சாமான்களையும் பிடித்துக்கொள்ளும், அதனால் அதே தடிமனில் இரட்டிப்புச் சாமான் வைக்க முடிந்தது. இன்றைக்கு நாம் கழற்றும் ஹன்ட்ஸ்மேனிலும் ஸ்பிரிங் அப்படித்தான் வேலை செய்கிறது. அடிப்படை மாறாததால்தான் பல வருட இடைவெளியில் வந்த இரண்டு கத்திகளின் பாகங்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று உட்காருகின்றன.

பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், எப்போதும் என்று சொல்லவில்லை. முதுகுப் பக்கத்துச் சாமான்கள், அதாவது கார்க் ஸ்க்ரூ, குத்தூசி, ஃபிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர், 1991 வாக்கில் சேர்ந்த அந்தப் பார்சல் கொக்கி எல்லாம் குறிப்பிட்ட அடுக்கின் ஸ்பிரிங்கில்தான் உட்காரும். நினைத்ததை நினைத்த இடத்தில் செருக முடியாது. அதனால் பிரிப்பதற்கு முன்னும், பிரித்தபிறகு ஒவ்வொரு அடுக்காக எடுக்கும்போதும் போட்டோ எடுத்துவிடுங்கள். எந்தத் தகடு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதுகூட முக்கியம்.

சரி, பிரிப்பது எப்படி இருக்கிறது? முதல் பாதி ரொம்ப சுலபம். சிவப்புப் பிடி செல்லிடார் என்ற பிளாஸ்டிக். அது ஆணிகளின் முனையில் இருக்கும் புஷ் என்ற சின்னப் பித்தளை வளையத்தைக் கவ்விக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். பல்குத்தியையும் ட்வீசரையும் உருவி எடுத்துவிட்டு, ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டி, சாவி வளையம் இருக்கும் பக்கமாக ஒரு மெல்லிய தகட்டைச் செருகி நெம்பினால் டப் என்று கழன்று வரும். உடையாமல் வந்தால் திரும்பவும் பயன்படுத்தலாம். அவசரப்பட்டுக் குளிர்ந்த நிலையில் நெம்பினால் ஓரம் வெள்ளையாக வெளுத்து விரியும், அப்புறம் அது குப்பைக்குத்தான்.

பிடி கழன்றதும் தெரிவது அழுக்கு. பத்து இருபது வருடம் சட்டைப்பையில் கிடந்த கத்தி என்றால் பஞ்சும் எண்ணெயும் மாம்பழச் சாறும் சேர்ந்து கறுப்பாக ஒரு பசை. பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், பழைய டூத் பிரஷ், காயவைத்து ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு சொட்டு எண்ணெய், புதுப் பிடி. இதற்கு ரிவிட்டைத் தொடவே வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்த மாமா கொடுத்தது என்று நிறைய வீட்டு பீரோவில் ஒரு சிவப்புக் கத்தி கத்தரிக்கோல் ஸ்பிரிங் உடைந்து தூங்கிக்கொண்டிருக்கும். அந்த ஸ்பிரிங், பல்குத்தி, ட்வீசர் போன்ற சின்னச் சாமான்களைக் கம்பெனியே தனியாக விற்கிறது. அதை மாற்றி, பிடியையும் மாற்றினால் கத்தி புதுசு.

ரிவிட்டைக் கழற்றுவது இரண்டாவது பாதி. ஆணியின் இரண்டு முனையும் பித்தளை புஷ்ஷுக்குள் தட்டி விரிக்கப்பட்டிருக்கும். விரிந்த அந்தத் தலையை மட்டும் சின்ன அரத்தால் ராவி எடுத்துவிட்டு, ஆணியை விடச் சின்னதான ஒரு பன்ச் வைத்துத் தட்டினால் வெளியே வரும். புஷ்ஷைக் கெடுக்காமல் ராவுவதுதான் சாமர்த்தியம், ஏனென்றால் புதுப் பிடி கவ்வப்போவது அதைத்தான். எல்லா பிளேடுக்கும் மாஸ்கிங் டேப் சுற்றிவிடுங்கள். கடைசி ஆணி வரும்போது ஸ்பிரிங் விடுபட்டு ஒரு துள்ளு துள்ளும், அந்த நேரத்தில் விரல் எங்கே இருக்கிறது என்று பார்க்க அவகாசம் இருக்காது. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் உட்காராதீர்கள்.

இனிமேல்தான் உண்மையான வேலை. இங்கேதான் பாதிப் பேர் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

கட்டும்போது அடுக்குகளை வரிசைப்படி வைத்து, முனை கூம்பாக்கிய ஒரு கம்பியைத் தற்காலிகமாக நுழைத்து ஓட்டைகளை நேர்கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்பிரிங் சும்மா வராது. சாமான்களை மடக்கிய நிலையில் வைத்து வைஸில் (மேஜையில் பொருத்தும் திருகுப் பிடியில்) மெதுவாக அழுத்தினால் ஓட்டைகள் ஒன்றோடொன்று பொருந்தும் ஒரு நொடி வரும், அப்போது கூம்புக் கம்பி தானாக உள்ளே போகும். அதன் பின்னாலேயே நிஜ ஆணியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இரண்டு அடுக்குக் கத்தியில் இது பத்து நிமிஷ வேலை. நாலு அடுக்கில் ஒரு ஓட்டை சரியானால் இன்னொன்று நகரும், அதைச் சரி செய்தால் இது நகரும், மனுஷனைப் பைத்தியமாக்கும்.

ஆணிக்கான பித்தளைக் கம்பி 2.2 மில்லிமீட்டரும் 2.5 மில்லிமீட்டரும் வேண்டும். 2.5 கேட்ட இடத்தில் கிடைக்கும். 2.2 நம் ஊர்க் கடையில் கேட்டால் 2-ஐ எடுத்து நீட்டுவார்கள், அதை வாங்காதீர்கள், ஓட்டைக்குள் ஆடும், பிளேடும் ஆடும். 2.5 கம்பியையே டிரில் மெஷின் சக்கில் மாட்டிச் சுற்றவிட்டு, அரமும் உப்புத்தாளும் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து இறக்கலாம். வெர்னியர் என்ற அளவுகருவி கையில் இருக்க வேண்டும், கண்ணளவு உதவாது. புஷ் கெட்டுப்போயிருந்தால் லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். பெரிய பெரிய பம்ப் ஷாஃப்ட் கடையும் இடத்தில் சோளமணி அளவில் ஒன்றை எடுத்து நீட்டினால் அவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். "என்ன தம்பி, வாட்ச் ரிப்பேரா?" என்றுதான் எனக்குக் கடைந்து கொடுத்த அண்ணன் கேட்டார். கத்தியைப் பிரித்துக் காட்டியதும் அவரே ஆர்வமாகி, மெஷினை நிறுத்திவிட்டு ஸ்பிரிங் எப்படி இரண்டு பக்கமும் பிடிக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ரிவிட் அடிப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மொத்த அனுபவமும் இதில்தான் நிற்கிறது. ஆணி இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வெட்ட வேண்டும். அதிகம் விட்டால் ஆணி தலை விரிவதற்குப் பதிலாக வளையும், குறைவாக விட்டால் விரிய உலோகமே இருக்காது. கம்பி ரொம்பக் கடினமாக இருந்தால் தட்டும்போது ஓரம் வெடிக்கும், அப்படிப்பட்ட கம்பியை மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்கி ஆறவிட்டால் இளகிவிடும். அப்புறம் கீழே ஒரு இரும்புக் கட்டை, கையில் உருண்டைத் தலை உள்ள சின்னச் சுத்தியல். நடுவில் ஓங்கி அடிக்கக் கூடாது. ஓரத்தைச் சுற்றிச் சுற்றி டிக் டிக் டிக் என்று லேசாகத் தட்ட வேண்டும், நாலைந்து தட்டு தட்டி, கத்தியைத் திருப்பி மறுபக்கம் நாலைந்து, பிறகு எல்லாச் சாமானையும் ஒருமுறை திறந்து மூடிப் பார்க்க வேண்டும்.

அந்தத் திறந்து மூடிப் பார்ப்பதில்தான் எல்லாம் தெரியும். லூஸாக இருக்கும்போது பிளேடு பக்கவாட்டில் ஆடும், திறந்தால் சத்தமே வராது. இன்னும் நாலு தட்டு, ஆட்டம் குறையும். இன்னும் நாலு தட்டு, இப்போது திறக்கும்போது கடைசியில் டக் என்று ஒரு சுத்தமான சத்தம், மூடும்போது ஸ்பிரிங் தானே இழுத்துக்கொள்ளும். அங்கே நிறுத்த வேண்டும். இன்னும் ரெண்டு தட்டு சேர்ந்தால் நகம் உடையும் அளவுக்கு டைட். டைட்டானதைத் திரும்ப லூஸாக்குவது கஷ்டம், அடுக்குக்கு நடுவில் மெல்லிய பிளேடைச் செருகி இலேசாக நெம்பிப் பார்க்கலாம், பலன் நிச்சயமில்லை. அனுபவசாலிகள் முன்கூட்டியே பிளேடுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து அடித்துவிட்டு, முடிந்ததும் உருவி எடுத்துவிடுகிறார்கள். அந்த அளவு இடைவெளி மிஞ்சும். எனக்கு இதுதான் ஒத்துவருகிறது, சாதா ஏ4 தாள் போதும்.

சுவிட்சர்லாந்தில் புரூனன் என்ற ஊரில் கம்பெனியின் பார்வையாளர் மையத்தில் காசு கட்டினால் நீங்களே உட்கார்ந்து ஒரு கத்தியைக் கட்டிக்கொள்ளலாம், பக்கத்தில் ஆள் நின்று சொல்லித்தருவார். அங்கே அழுத்தம் கொடுக்க அச்சு இருக்கிறது, எல்லா ஓட்டையும் ஒரே தடவையில் உட்காரும். வீட்டில் வைஸும் சுத்தியலும் வைத்துச் செய்வதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு இவ்வளவுதானா என்று ஆரம்பிக்காதீர்கள்.

பிளேடைப் பற்றி. விக்டோரினாக்ஸ் எஃகு சூப்பர் எஃகு இல்லை, அப்படி அவர்களும் சொல்வதில்லை. பிளேடு ராக்வெல் அளவில் 56, கத்தரிக்கோலும் ரம்பமும் 53, டின் ஓப்பனரும் குத்தூசியும் 52, ஸ்பிரிங்கும் கார்க் ஸ்க்ரூவும் 49 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கடினம் வைத்திருக்கிறார்கள். கையில் வேலை செய்பவனுக்கு இது நல்ல செய்தி. சாதாரணச் சாணைக்கல்லில் சீக்கிரம் கூர் ஏறும், சின்ன பிளேடை மேல்பக்கம் தேய்த்து முனை தாழ்ந்த வடிவத்துக்குக் கொண்டுவரலாம், டின் ஓப்பனர் தேவைப்படாதவர்கள் அதைச் சுரண்டும் தகடாக மாற்றலாம். தேய்க்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்க வேண்டும், பிளேடு நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடம் மெத்தென்று ஆகிவிட்டது என்று அர்த்தம், அப்புறம் கூர் நிற்காது. அதே சமயம் ஸ்பிரிங்கில் ஓட்டை போட நினைத்தால் சாதா டிரில் பிட் வழுக்கும், கார்பைட் வேண்டும்.

பளபளப்பு பிடிக்காதவர்கள் பிளேடைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றுகிறார்கள். இதற்கு வேண்டியது ஃபெரிக் குளோரைடு, சர்க்யூட் போர்டு அரிக்க எலக்ட்ரானிக்ஸ் பசங்கள் வாங்குவார்களே, அதேதான், சென்னையில் ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும். ஆனால் முழுக் கத்தியை அதில் முக்கினால் கதை முடிந்தது, அலுமினியத் தகட்டையும் பித்தளையையும் அது எஃகை விட வேகமாகத் தின்னும். பிளேடைத் தனியாகப் பிரித்த பிறகுதான் இந்த விளையாட்டு. முடிந்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவ மறக்காதீர்கள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள், விரல் பல நாளைக்கு மஞ்சளாக இருக்கும், வீட்டில் திட்டு விழும்.

பிடிக்கு வருவோம். செல்லிடார் எனக்குப் பிடிக்காது. பளபளவென்று கடையில் அழகாக இருக்கும், சாவியோடு சேர்ந்து ஒரு மாதம் பையில் கிடந்தால் போதும், முகம் பார்க்க முடியாது. இணையத்தில் டைட்டானியம், கார்பன் ஃபைபர் பிடியெல்லாம் விற்கிறார்கள், கத்தி விலையை விடப் பிடி விலை அதிகம். அதற்கு அவசியமே இல்லை. பழைய எலக்ட்ரிக்கல் கடைகளில் பேனல் போர்டுக்கு வெட்டித் தருவார்களே ஹைலம் ஷீட், அதில் துணி வைத்து அழுத்திய ரகம் ஒன்று உண்டு. துணியும் ஃபீனாலிக் பிசினும் சேர்த்து அழுத்திய பலகை. மைக்கார்ட்டா என்ற பெயரில் கத்திக்காரர்கள் காசு கொட்டி வாங்கும் பொருளும் அந்த வகைதான். ஒரு சாண் துண்டு வாங்கினால் நாலைந்து கத்திக்கு ஆகும். அறுத்து, 120-ல் ஆரம்பித்து 600 வரை உப்புத்தாள் தேய்த்து, தேங்காய் எண்ணெய் ஒரு துளி தடவினால் கையில் வழுக்காத, வேர்வைக்கு ஊறாத ஒரு பிடி கிடைக்கும். பழுப்பு நிறம், தேய்க்கத் தேய்க்கத் துணியின் நெசவு மேலே வரும், எனக்குத் தெரிந்து இந்தக் கத்திக்கு இதைவிடப் பொருத்தமான உடை கிடையாது. தூசியை மட்டும் சுவாசிக்காதீர்கள், முகமூடி போட்டு, தண்ணீர் விட்டுத் தேயுங்கள்.

மரத்தில் செய்பவர்களும் உண்டு. கருங்காலி, ஈட்டி, ஏன் பழைய கதவுச் சட்டத்துத் தேக்குகூட. பார்க்க அழகு. ஆனால் பிடியின் உள்பக்கம் பித்தளை புஷ்ஷுக்காகக் குழி தோண்ட வேண்டும், பிளாஸ்டிக் மாதிரி மரம் விரிந்து கவ்வாது, அதனால் அரால்டைட் போட்டு ஒட்ட வேண்டியிருக்கிறது. ஒட்டிவிட்டால் அடுத்த தடவை பிரிக்கும்போது பிடியை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பல்குத்திக்கும் ட்வீசருக்கும் காடி வெட்டுவது இன்னொரு தலைவலி, நிறையப் பேர் அதை விட்டுவிடுகிறார்கள். ட்வீசர் இல்லாத சுவிஸ் கத்தி எனக்கு ஏற்பில்லை.

லெதர்மேனோடு ஒப்பிடாமல் இருக்க முடியாது. வேவ் மாடல் 1998-ல் வந்தது, பிளையரை விரிக்காமலே வெளிப்பக்கமிருந்து ஒற்றைக் கையில் பிளேடைத் திறக்கலாம். அதன் மூட்டுகள் டார்க்ஸ் (தலையில் நட்சத்திரக் குழி உள்ள) ஸ்க்ரூ, சரியான பிட் இருந்தால் டீ ஆறுவதற்குள் மொத்தமாகப் பிரித்து மேஜையில் பரப்பிவிடலாம், டைட் போதவில்லையா, கால் சுற்று, அதிகமா, திருப்பிக் கால் சுற்று. ரிவிட் அடித்துக் கை வீங்கியவனுக்கு இது சொர்க்கம். ஆனால் பிரித்த பிறகு என்ன செய்வது? பிளேடை வேறு மாடல் பிளேடால் மாற்றலாம், உள்ளே ஒன்றிரண்டு சாமானை இடம் மாற்றலாம், அத்தோடு சரி. சட்டகத்தின் அகலம் நிரந்தரம், அடுக்கைக் கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. பிரிப்பது சுலபம், மாற்றுவதற்கு அதிகம் இல்லை. 91-ல் நேர் எதிர். சமீபத்தில் ராக்ஸன் ஃபிளெக்ஸ் என்று ஒன்று வந்திருக்கிறது, வாங்குபவரே சாமான்களை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றே வடிவமைத்தது. நல்ல விஷயம்தான், ஆனால் சொந்தமாகக் கட்டிய திருப்தி அதில் வருமா என்று கேட்டால் எனக்கு வரவில்லை.

விக்டோரினாக்ஸிலேயே மற்ற அளவுகள்? 58 மில்லிமீட்டர் கிளாசிக்கில் பிடி மாற்றிப் பழகலாம், ரிவிட் வேலைக்கு ரொம்பப் பொடிசு. அலுமினியப் பிடி போட்ட 93 மில்லிமீட்டர் அலாக்ஸ், அதாவது பயனியர், ஃபார்மர், பார்க்க ராஜா மாதிரி இருக்கும், ஆனால் அதில் ரிவிட் தலை பிடியின் மேலேயே தெரியும், ஒரு சுத்தியல் அடி தவறினால் வடு நிரந்தரம். கை தேறியவர்களுக்கு மட்டும். இந்த அலாக்ஸ் வரிசையில் கத்தரிக்கோல் வேண்டும் என்று ஆர்வலர்கள் தாங்களே கட்டிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு, பிறகு கம்பெனியே பயனியர் எக்ஸ், ஃபார்மர் எக்ஸ் என்று கத்தரிக்கோலோடு விட்டது.

குறை என்றால் பாகம் கிடைப்பதுதான் பெரிய குறை. ரம்ப அடுக்கு ஒன்று மட்டும் வேண்டும் என்றாலும் முழு ஹன்ட்ஸ்மேன் ஒன்றை அறுக்க வேண்டும். அமெரிக்காவில் விமான நிலையச் சோதனையில் பயணிகள் விட்டுச்செல்லும் கத்திகள் மாநில அரசுகளின் உபரிப் பொருள் விற்பனைக்கு வருகின்றன, மொத்தமாக லாட் லாட்டாகப் போகும், அங்கே இந்தப் பொழுதுபோக்கு செழிக்க அது ஒரு காரணம். நம் பக்கம் அப்படி ஒரு ஊற்று இல்லை. பழைய கத்தி வைத்திருக்கும் சொந்தக்காரர்களை நச்சரிக்க வேண்டும், வெளிநாட்டு நண்பர்களிடம் சொல்லிவைக்க வேண்டும், அவர்களும் செக்-இன் பெட்டியில் போட்டுத்தான் கொண்டுவர முடியும்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் "பழைய சுவிஸ் கத்தி" பொட்டலங்களில் கவனம். ஒரு விற்பனையாளரிடம் நான் வாங்கிய பொட்டலத்தில் பாதி போலி, கேட்டால் பதிலே இல்லை. போலியைப் பிடிக்க முத்திரையை மட்டும் நம்பாதீர்கள், அதையும் அச்சடிக்கிறார்கள். மூடிய கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து முதுகைப் பாருங்கள். அசலில் ஸ்பிரிங்கும் தகடும் ஒட்டி உட்கார்ந்திருக்கும், போலியில் இடைவெளி வழியே வெளிச்சம் வரும். கத்தரிக்கோலைத் திறந்து ஒரு தலைமுடியையோ நூலையோ நுனியில் வெட்டிப் பாருங்கள், அசல் நுனிவரை வெட்டும். போலியின் பாகம் எதுவும் அசலோடு சேராது, பிடிகூடப் பொருந்தாது, அதனால் உதிரிக்குக்கூடப் பயனில்லை.

நான் இப்போது பையில் வைத்திருப்பது காம்பாக்டில் ரம்ப அடுக்கைச் சேர்த்துக் கட்டியது. காம்பாக்டில் டின் ஓப்பனரையும் பாட்டில் ஓப்பனரையும் ஒரே சாமானாக்கி பிளேடு அடுக்கிலேயே வைத்துவிட்டார்கள், ஒரு முழு அடுக்கு மிச்சம். அந்த இடத்தில் ரம்பம் வந்தால் கிளைம்பர் தடிமனுக்குள் ஹன்ட்ஸ்மேன் வேலை நடக்கும். கம்பெனி இதை விற்பதில்லை, விற்றால் நானே வாங்கியிருப்பேன். கார்க் ஸ்க்ரூவை எடுத்துவிடலாமா என்று ரொம்ப யோசித்தேன், வீட்டில் கார்க் போட்ட பாட்டில் எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சுருளுக்குள் திருகி வைக்கும் குட்டி ஸ்க்ரூடிரைவர் மூக்குக் கண்ணாடிக்கு அவ்வளவு உதவி, இறுகிய முடிச்சை அவிழ்க்க அந்தச் சுருளைவிட நல்லது இல்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிடி பழுப்பு ஹைலம், ஒரு பக்கம் பல்குத்தி, மறுபக்கம் ட்வீசர்.

ஆரம்பிக்கப்போகிறவர்களுக்கு: புதுக் கத்தி வாங்கிப் பிரிக்காதீர்கள், வயிறு எரியும். பழைய ஸ்பார்ட்டனோ டிங்கரோ ஒன்று தேடுங்கள், இரண்டே அடுக்கு. முதலில் எதையும் மாற்றாமல் பிரித்து அப்படியே திரும்பக் கட்டுங்கள், எல்லாச் சாமானும் டக் என்று திறந்து ஆடாமல் நின்றால் அடுத்ததற்குப் போகலாம். வைஸ், சின்னச் சுத்தியல், அரம், பன்ச், பித்தளைக் கம்பி, வெர்னியர் இவ்வளவுதான் சாமான். நாலு அடுக்குக்குப் பிறகு வரும் பிளையர், லென்ஸ் அடுக்குகளுக்கு அவசரம் வேண்டாம், அவை மற்றதைவிடத் தடிமன், ஆணி நீளமானால் வளைய வாய்ப்பு அதிகம். யாராவது சுவிஸ்சேம்பைக் கொண்டுவந்து சர்வீஸ் செய்து தரச் சொன்னால் பிடியை மட்டும் கழற்றிக் கழுவி எண்ணெய் போட்டுக் கொடுத்துவிடுங்கள், எட்டு அடுக்கின் ரிவிட்டில் கை வைக்காதீர்கள்.